ஷாம்பேத்துக்குத் தோண்டிய குழி

கஷ்கா-பெல் கணவாய்க்குக் கீழே, சாலைப் பராமரிப்பு டிப்போவின் முற்றத்துக்குள் அந்த மஞ்சள் வேன் நுழைந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். நவம்பர் முடியப்போகிறது. மலையின் தலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. மலையில் இருப்பவர்களுக்கு அந்த அமைதியின் அர்த்தம் தெரியும். நாளைக்குப் பனி கொட்டும், வழி மூடும்.

"காலஞ்சென்றவர் வந்துட்டாரு! டீ ஊத்துங்கப்பா!" என்று டிப்போ மேஸ்திரி பெய்ஷென் வாசலில் நின்று கூவினார்.

வேனை ஓட்டிவந்த ஷாம்பேத் இறங்கி, தொப்பியைக் கழற்றி, குனிந்து வணக்கம் வைத்தார். அறுபதை நெருங்கும் மனிதர். வெயிலிலும் பனியிலும் கறுத்த முகம், எந்நேரமும் ஏதோ ஒரு கேலியை மென்றுகொண்டிருக்கிற வாய். அவருக்குப் பின்னால், மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி கனிஷாய் இறங்கினாள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருக்கும் பொறியாளர். மலைச்சாலையின் வளைவுகள் அவளைப் பிழிந்தெடுத்திருந்தன. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் நிற்பதே பெரும்பாடாக இருந்தது.

"எதுக்கு இவர காலஞ்சென்றவர்ங்கறீங்க?" என்றாள், தேநீர்க் கிண்ணம் கைக்கு வந்து கொஞ்சம் உயிர் வந்ததும்.

"தெரியாதா தங்கச்சி? இவரு ஒருதரம் செத்துட்டாரு."

"செத்தவன் நான். கதை சொல்றது இவன்," என்று ஷாம்பேத் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் நனைத்தார்.

பெய்ஷென் அந்தக் கதையைப் பலமுறை சொல்லிப் பழகியவர் என்பது கேட்கும்போதே தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், பனி தள்ளப் போன ஷாம்பேத்தின் இயந்திரத்தை மேலிருந்து சரிந்த பனி அப்படியே விழுங்கிவிட்டது. நீளக் கம்புகளால் குத்திக் குத்தித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் முடிவுக்கு வந்தார்கள். கீழே கோக்-ஜார் கிராமத்துக் கல்லறையில் குழி வெட்டினார்கள். சாவு விருந்துக்குக் குதிரை அறுத்தார்கள். கூடாரத்தில் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்.

"அந்த நேரத்துல இவரு, பனியத் தோண்டி எப்படியோ வெளிய வந்தவரு, பின்பக்கமா நடந்து வந்து, 'யாரு செத்தது?'ன்னு கேக்கறாரு!"

"கூட்டத்தப் பார்த்தா கேக்க மாட்டமா? நானும் ஒரு பாட்டம் அழலாம்னுதான் கேட்டேன்," என்றார் ஷாம்பேத். "ஆனா ஒண்ணு. கறி பதமா வெந்திருந்துச்சு. என் சாவுச் சோத்த நானே சாப்பிட்டேன். எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். கனிஷாயும் சிரித்தாள்.

"அப்ப அந்தக் குழி?"

"எங்க பக்கத்துல வெட்டுன குழிய வெறுமனே விடக்கூடாதும்பாங்க," என்றார் பெய்ஷென். "ஒரு மரக்கட்டையாச்சும் கெடத்தித்தான் மூடணும். அன்னைக்கு இருந்த சந்தோஷத்துல யாரு அத நெனச்சா? சும்மா கெடந்துச்சு. அப்புறம் ரோட்ட நேராக்க வந்தாங்க. கல்லறைய தொடக்கூடாதுன்னு ஊரே போய் நின்னுச்சு. இது எங்கப்பன், இது எங்க சித்தின்னு ஆளாளுக்கு ஒரு மேட்டுமேல நின்னாங்க. இவரு குழிக்கு மட்டும் யாரும் நிக்கல. ஆளில்லாத குழி கல்லறையாகுமான்னு எஞ்சினியர் கேட்டாரு. ஆகாதுன்னு நாங்களே சொல்லிட்டோம். ஜல்லியக் கொட்டித் தார் போட்டுட்டாங்க."

"என் குழிமேலதான் நாடே போய்ட்டு வருது," என்றார் ஷாம்பேத் பெருமையாக.

கனிஷாய் வந்த வேலை இதுதான். எந்தச் சாலையை முதலில் செப்பனிட வேண்டும், எது இன்னும் சில வருடம் தாங்கும், இருக்கிற பணத்தை எங்கே போட்டால் வீணாகாது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்று சாலைத் துறையிடம் இருந்தது. பழசுக்குச் சாலையின் மேல்தோல் மட்டும்தான் தெரியும். இப்போது அதைப் புதுப்பிக்கிறார்கள். வேனின் முன்னால் மேடுபள்ளம் பார்க்கும் லேசர், பின்னால் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும் ரேடார்ப் பெட்டி. தாருக்கு அடியில் ஜல்லி, அதற்கும் அடியில் மண் என்று எல்லாம் திரையில் கோடுகோடாக ஓடும். ஒவ்வொரு சாலையையும் மூன்று முறை அளக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்தச் சாலை புதிய கணக்கில் ஏறும். இந்தச் சாலைதான் பாக்கி. பனிக்கு முன் முடித்தாக வேண்டும்.

கீழே கோக்-ஜார் வரை இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே டிப்போவுக்கு ஏறுவது என்று ஏற்பாடு.

கல்லறைச் சுவரை ஒட்டி வேன் கிளம்பியது. ஷாம்பேத் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கைகளை முகத்தில் தடவி, "ஓமின்" என்று முணுமுணுத்தார். கல்லறையைக் கடக்கும் யாரும் செய்வதுதான். வேன் ஒரு முழம் அலைந்து நேரானது.

"இது திரையில தெரியும் பைகே," என்றாள் கனிஷாய். அந்த ஊர்களில் அண்ணன் முறைக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நாடு பூரா எங்கெங்க கல்லறை இருக்குன்னு இந்தக் கோட்டப் பார்த்தே சொல்லிருவேன். டிரைவருங்க கைய விடற எடமெல்லாம் வண்டி ஆடிருக்கும்."

"அப்ப என் குழிய பாரு. நல்லா வெட்டிருக்காங்களான்னு சொல்லு."

அவள் பார்த்தாள். தார், ஜல்லி, மண். கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக ஓடின. வெட்டிய சுவடு, நிரப்பிய சுவடு எதுவும் இல்லை. எத்தனை வருடமானாலும் வெட்டிய மண் ரேடாரில் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே பூமி பிறந்ததிலிருந்து கைபடாத மாதிரி கிடந்தது.

"உங்க குழியக் காணோமே பைகே."

"திருடிட்டாங்களா? நம்ம ஆளுங்க எதையும் விட்டுவைக்க மாட்டாங்க," என்று அவர் சிரித்தார்.

சாலை ஏறியது. ஒருபுறம் பாறை, மறுபுறம் சரிவு, கீழே எங்கோ ஆற்றின் சத்தம். ஊரும் வயலும் முடிந்து, பனித்தடுப்பு வேலிகள் தொடங்கும் இடத்தில் கனிஷாய்க்கு ஒரு வாசனை வந்தது. ஈர மண். அப்போதுதான் மண்வெட்டியால் புரட்டிப் போட்ட மண். வெளியே நிலம் கல்லாக உறைந்து கிடந்தது.

வேன் ஆடியது.

நிமிர்ந்தாள். ஷாம்பேத்தின் இரண்டு கைகளும் முகத்தில் இருந்தன. மெதுவாக, மரியாதையாக, நெற்றியிலிருந்து தாடை வரை தடவி இறங்கின.

"இங்க என்ன பைகே? கல்லறை எதுவும் இல்லையே."

"என்ன?"

"இப்ப கையெடுத்தீங்களே."

"எடுத்தேனா?" அவர் தன் கைகளைப் பார்த்தார். அவை மறுபடி ஸ்டியரிங்கில்தான் இருந்தன.

அவள் திரையைப் பார்த்தாள். தாரின் கோடு உடையாமல் ஓடியது. ஜல்லியின் கோடும் அப்படியே. அதற்குக் கீழே செங்குத்தாக ஒரு பள்ளம் இறங்கி, அடியில் மேற்குப் பக்கமாகக் குடைந்து, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குச் சிறிய அறை. ஊரில் குழி வெட்டுகிற முறை அதுதான். நேராக இறங்கி, பக்கத்தில் அறை குடைந்து, அதற்குள் கிடத்துவார்கள்.

அறை காலியாக இருந்தது.

பழைய கால்வாயாக இருக்கும், தண்ணீர் அரித்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. பயம் வந்ததும் அதற்கு ஒரு பெயரைக் கண்டுபிடித்து ஒட்டிவிடுவார்கள்.

இரண்டாம் ஓட்டத்துக்கு மறுபடி கீழே இறங்கி, கல்லறைச் சுவரிலிருந்து கிளம்பினார்கள். பனித்தடுப்பு வேலி வந்தது. கனிஷாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

அங்கே எதுவும் இல்லை. தார், ஜல்லி, மண்.

ரேடார்தான் தப்புச் செய்திருக்கிறது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பையிலிருந்து, தயிரை உருட்டி உலர்த்திய குருத் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதன் புளிப்பு நாக்கில் இறங்கியது. ஷாம்பேத் தன் மனைவி பாத்மாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தான் திரும்பி வந்த அன்று அவள் கட்டிப்பிடித்து அழுவாள் என்று பார்த்தால், கரண்டியால் அடித்தாளாம். அத்தனை பேருக்கு முன்னால் முக்காட்டை அவிழ்த்து அழுதது வீணாகப் போயிற்றே என்று.

டிப்போவுக்கு முந்தின கொண்டை ஊசி வளைவு. இடப்பக்கம் அதலபாதாளம்.

மண் வாசனை வந்தது.

"பைகே..."

அவர் கைகள் ஸ்டியரிங்கை விட்டு எழுந்தன.

"பைகே! கைய வைங்க!"

அவர் கண்கள் சாலையில்தான் இருந்தன. வாய் திறந்திருந்தது. கைகள் மட்டும் முகத்தில், அவசரமே இல்லாமல், கீழே இறங்கிக்கொண்டிருந்தன. வேன் நேராக விளிம்பை நோக்கிப் போனது. கனிஷாய் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். சக்கரத்துக்கு அடியில் சரளை நொறுங்கிப் பள்ளத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. அது கீழே போய் விழும் சத்தம் கேட்கவே இல்லை.

வேன் பாறைப் பக்கம் உரசி நின்றது.

ஷாம்பேத் மூச்சிரைத்தார். அவர் முகத்தில் கேலி போன இடம் தெரியவில்லை. அந்த முகத்தில் பயத்தைப் பார்ப்பது கனிஷாய்க்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"நான் எடுக்கல தங்கச்சி," என்று கிசுகிசுத்தார். "சத்தியமா நான் எடுக்கல. கை தானா போகுது."

திரையில் அது நின்றது. அதே பள்ளம், அதே அறை, அதே காலி. வேன் நின்றதால் படமும் நின்று, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிப்போவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது இருவருக்கும் சரியாக நினைவில்லை. கனிஷாய் அடுப்போரம் உட்கார்ந்து, பழைய வருடங்களின் அளவுகளைத் திறந்து பார்த்தாள். பழைய மென்பொருளுக்கு உள்ளே பார்க்கத் தெரியாது, மேல்தோல்தான். ஆனால் அதிலும் இருந்தது. ஒவ்வொரு வருடமும் இந்தச் சாலையில் ஒரே ஒரு சிறு துண்டு மட்டும் வெடிப்பில்லாமல், பள்ளமில்லாமல், கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்திருக்கிறது. மிக நல்ல நிலை, பல ஆண்டுகளுக்குக் கைவைக்கத் தேவையில்லை என்று மென்பொருள் அதற்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது. முதல் வருடம் அந்தத் துண்டு கல்லறைச் சுவரோரம். அடுத்த வருடம் ஊர் முனை. அதற்கடுத்து வயல்கள். வருடத்துக்கு வருடம் மேலே, மேலே, டிப்போவை நோக்கி. ஷாம்பேத்துக்குக் கோக்-ஜாரில் வீடு இருந்தாலும், குளிர்காலம் முழுக்கத் தங்குவது இந்த டிப்போவில்தான்.

வருடக்கணக்கில் ஊர்ந்து வந்தது, இன்று ஒரு மதியத்தில் பாதி மலை ஏறியிருக்கிறது.

தலைமைப் பொறியாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. மூன்றாவது ஓட்டம் என்னவாயிற்று என்று கேட்டார்.

"ரேடார்ல ஒரு பள்ளம் தெரியுது சார். எடம் மாறி மாறித் தெரியுது."

"அப்ப அது பள்ளமே இல்ல. அந்தப் புள்ளிய அழிச்சிட்டு மூணாவது ஓட்டத்த முடி. நாளைக்குப் பனி மூடிட்டா அந்த ரோட்ட புதுக் கணக்குலேர்ந்து எடுத்துருவேன். அப்புறம் அந்த மலைக்கு ஒரு வாளி தார்கூடக் கிடைக்காது, பார்த்துக்க."

அவள் போனை வைத்தாள். ஷாம்பேத் தானாகவே எழுந்து தொப்பியைத் தேடினார்.

"வா, முடிச்சிருவோம். வெளிச்சம் இருக்கு."

"நீங்க வரக்கூடாது."

"நான் இல்லாம யாரு ஓட்டுவா?"

"நான் ஓட்டறேன். எனக்கு லைசன்ஸ் இருக்கு."

"ஊருக்குள்ள ஓட்டறது வேற, இந்த மலை வேற தங்கச்சி. இது உன்ன மாதிரி ஆளுங்கள முழுங்கி ஏப்பம் விட்டுரும்."

"உங்களத்தான் முழுங்கப் பார்க்குது!" அவள் குரல் உடைந்தது. அவரைச் சந்தித்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஆனாலும் இந்த மனிதரை இழந்துவிடக் கூடாது என்றிருந்தது அவளுக்கு. "யோசிச்சுப் பாருங்க பைகே. அது ரோட்டுலதான இருக்கு? நீங்க ரோட்டுல இல்லன்னா அதால என்ன பண்ண முடியும்? நாளைக்குப் பனி மூடிரும், யாரும் போக மாட்டாங்க. வசந்தத்துல நானே ஆள் கொண்டாந்து தோண்டி, கட்டையப் போட்டு முறைப்படி மூடறேன்."

ஷாம்பேத் பெய்ஷெனைப் பார்த்தார். பெய்ஷென் முழுக் கதையும் கேட்டு வெளிறிப் போயிருந்தார். "அவங்க சொல்றது சரிதான். நீ உக்காரு. நான் பக்கத்துலயே இருக்கேன்," என்றார்.

ஷாம்பேத் சாவியை நீட்டினார். கொடுக்கும்போது அவள் விரல்களை ஒரு கணம் பிடித்துக்கொண்டார். அவர் கை பனிக்கட்டியாக இருந்தது.

"வளைவுல மெதுவா போ. உள்ள ஏதாவது தெரிஞ்சா பாக்காத."

அவள் கீழே இறங்கி, கல்லறைச் சுவரிலிருந்து மூன்றாவது ஓட்டத்தைத் தொடங்கினாள். சீட் ஷாம்பேத்தின் முதுகுக்குப் பழகிப்போய்க் குழிந்திருந்தது. அவள் அதற்குள் அமிழ்ந்து, ஸ்டியரிங்கை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டினாள். இதோ வயல், இதோ பாலம், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.

பனித்தடுப்பு வேலி. தார், ஜல்லி, மண்.

வாசனை இல்லை.

கொண்டை ஊசி வளைவு வந்தபோது உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. நத்தை மாதிரி திருப்பினாள். ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தாள்.

சுத்தம்.

வளைவைத் தாண்டியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. முடிந்தது. சாலை முழுக்க எங்கேயும் அது இல்லை. ஷாம்பேத் பைகேயைக் காப்பாற்றிவிட்டோம். டிப்போவுக்குப் போனதும் ஒரு கிண்ணம் சூடான டீ, பிறகு அவரைக் கேலி செய்ய வேண்டும், உங்க குழிக்கே உங்களப் பிடிக்கல பைகே என்று.

முதல் பனித் துகள் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது.

சாலையில் எங்கேயும் அது இல்லை.

அப்படியானால் எங்கே?

கல்லறையிலிருந்து புறப்பட்டது அது. அங்கே இல்லை. வேலியில் இல்லை, வளைவில் இல்லை. அவர் போன இடமெல்லாம் போனது. அவர் இப்போது சாலையில் இல்லை.

அவள் காலை ஆக்ஸிலரேட்டரில் அழுத்தினாள். அளப்பதற்கு ஒரே வேகத்தில் போக வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. டிப்போவின் கேட் தெரிந்தது. முற்றம் தெரிந்தது. தேநீர் அறையின் படி தெரிந்தது.

மண் வாசனை குப்பென்று வண்டிக்குள் நிறைந்தது.

அவள் கைகள் ஸ்டியரிங்கிலிருந்து எழுந்தன.

பிடித்து நிறுத்தப் பார்த்தாள். யாரோ பாசமாக மணிக்கட்டைப் பற்றித் தூக்குகிற மாதிரி அவை போயின. அவள் உள்ளங்கைகள் அவள் நெற்றியைத் தொட்டன. கன்னத்தைத் தொட்டன. வேன் தன்பாட்டில் உருண்டு, முற்றத்தின் தார்த் தரைமீது ஏறி, படிக்கு முன்னால் ஜல்லிக் குவியலில் முட்டி நின்றது.

உள்ளே பார்க்காதே என்று அவர் சொல்லியிருந்தார்.

பார்த்தாள்.

தாரின் கோடு உடையாமல் இருந்தது. கீழே பள்ளம். பக்கத்தில் அறை.

அறை காலியாக இல்லை.

பெய்ஷென் கையில் கெட்டிலோடு தேநீர் அறையிலிருந்து வெளியே வந்தார். "முடிஞ்சுதா தங்கச்சி? எங்க அவரு? இப்பத்தான் இந்தப் படியில உக்காந்திருந்தாரு. உங்கள எதிர்பார்த்துக்கிட்டு. வெந்நீர் எடுக்க உள்ள போய்ட்டு வர்றேன், அதுக்குள்ள..."

படியில் ஒரு கிண்ணம் இருந்தது. தேநீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மேலே இங்கே முன்பே விழத் தொடங்கிய பனி முற்றத்தில் மெல்லிசாகப் படிந்திருந்தது. படியிலிருந்து இறங்கிப் போன காலடி ஒன்றுகூட அதில் இல்லை.

அன்று மாலையே முற்றத்தைத் தோண்டினார்கள். டிப்போவிலிருந்த அத்தனை பேரும் கடப்பாரையும் இயந்திரமுமாக இறங்கினார்கள். தாரை உடைத்தார்கள், ஜல்லியை அள்ளினார்கள். அதற்குக் கீழே யார் கையும் படாத களிமண், உறைந்த கல். அவ்வளவுதான். பெய்ஷென் தன் பெயரைச் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டு அழுதார். கனிஷாய்க்கு அழக்கூட வரவில்லை.

மறுநாள் காலை, பனி வழியை முழுதாக மூடுவதற்குள், அவர்கள் கோக்-ஜாருக்கு இறங்கினார்கள். பெய்ஷென் இரவே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால், பாத்மாவின் வீட்டு முன் கூடாரம் போட்டிருந்தார்கள். வாசலில் பாத்மா கனிஷாயின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ காலியா விட மாட்டேன்," என்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "அவரு சட்ட, செருப்பு, தொப்பி, எல்லாத்தையும் உள்ள வச்சு மூடச் சொல்லிட்டேன். போதுமில்ல? அதுக்குப் போதுமில்ல?"

போதும் அக்கா, போதும் என்று சொல்லி கனிஷாய் அவளை அணைத்துக்கொண்டாள்.

குழி வெட்டும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. கனிஷாய் கல்லறைச் சுவருக்கு வெளியே, சாலையோரம் வேனில் உட்கார்ந்திருந்தாள். பனி ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிகளின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது சட்டென்று நின்றது. யாரோ ஒருவர் கத்தினார். பிறகு நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அதன்பின் மறுபடி மண்வெட்டிகள், இந்த முறை மண் தள்ளுகிற சத்தம். அது நிற்கவே இல்லை. ஒரு குழிக்கு இவ்வளவு மண் எதற்கு என்று அவள் நினைத்தாள்.

கடைசியில் பெய்ஷென் வந்தார். முழங்கால்வரை மண். வேன் கதவை அவள் திறந்தாள். அவர் நெருங்கி வராமல் நாலடி தள்ளியே நின்றார்.

"அவரு கெடைச்சிட்டாரு," என்றார்.

"எங்க?"

"இங்கதான். நாலு வெட்டுத்தான் வெட்டுனோம், மண்வெட்டி உள்ள விழுந்துருச்சு. கீழ குழி ஏற்கனவே இருக்கு. நேர்த்தியா வெட்டி, அறை குடைஞ்சு... உள்ள அவரு. முறைப்படி முகத்த மேற்க திருப்பிப் படுக்க வச்ச மாதிரி. அமைதியாத்தான் இருந்தாரு தங்கச்சி. பயந்த மாதிரி இல்ல."

கனிஷாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகையெல்லாம் வந்தது. பெய்ஷென் காத்திருந்தார். அவருக்குச் சொல்ல இன்னும் ஏதோ இருந்தது.

"நேத்து கடைசி ஓட்டம்... அவரு எடத்துல உக்காந்து நீங்கதான ஓட்டுனீங்க?"

"ஆமா. ஏன்?"

"எங்க பக்கம் குழிக்கு ஒரு அறைதான் குடைவோம். மேற்குப் பக்கம்." அவர் குரல் இறங்கிக் கிசுகிசுப்பாயிற்று. "இதுல கிழக்குப் பக்கமும் ஒண்ணு இருக்கு. புதுசு. மண்ணு இன்னும் ஈரமா இருக்கு."

"மூடிட்டீங்கல்ல? கட்ட ஏதாவது போட்டு..."

"கட்ட போட்டோம். கல்லு போட்டோம். அவரு பக்கம் மூடிருச்சு. அந்தப் பக்கம்..." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஊர்ல உள்ள அத்தன பேரும் மாத்தி மாத்தி மண்ணத் தள்ளிட்டோம் தங்கச்சி. அது நெரம்பல."

பனி அவர் தொப்பியில் விழுந்துகொண்டிருந்தது.

"வண்டிய நீங்க எடுக்காதீங்க," என்றார் கடைசியில். "இங்கயே கெடக்கட்டும். இறங்கி எங்கூட நடந்து வாங்க. ஊர் வரைக்கும்தான."

அவள் இறங்கினாள். சாலையில் கால் வைத்தாள்.

தொம் என்றது.

வெறும் பானையைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். அவள் காலை எடுத்து, ஓரமாகத் தள்ளி வைத்தாள். தொம். இன்னும் இரண்டடி தள்ளி வைத்தாள். தொம். பெய்ஷென் திகைத்துப்போய் அவள் பக்கத்தில் வந்து, அவள் நின்ற அதே இடத்தில் தன் கனத்த பூட்ஸால் ஓங்கி மிதித்தார்.

தார் கெட்டியாக இருந்தது. எந்தச் சத்தமும் வரவில்லை.

"நடங்க," என்றார் அவர், கீழே பார்க்காமல். "நிக்காம நடங்க."

அவள் நடந்தாள்.